மகனுக்கு நீளம் × அகலம் தெரிகிறது, பரப்பளவு தெரியவில்லை

கல்லடி வாசன்

வீட்டு ஹோலுக்கு டைல்ஸ் போடுகிறோம். 16 அடி நீளம், 12 அடி அகலம். டைல்ஸ் 2 அடிக்கு 2 அடி. ஏழாம் தரம் படிக்கும் மகனிடம் எத்தனை வேண்டும் என்று கேட்டேன். கணக்கில் எண்பதுக்குக் குறையாமல் எடுக்கிறவன். பென்சிலை எடுத்தான், 16ஐ 12ஆல் பெருக்கி 192 என்றான், அதை 2ஆல் பிரித்து 96 என்றான். "டைல்ஸ் ரெண்டுக்கு ரெண்டு, மகன்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அப்ப நாலால பிரிக்கட்டா?" என்று கேட்டான். 48. விடை சரிதான், ஆனால் என் முகத்தைப் பார்த்து எடுத்த விடை.

பக்கத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்த மேசன் தலை நிமிராமலே சொன்னார்: "நீளப்பாட்டுக்கு எட்டு, அப்படி ஆறு வரி. நாப்பத்தெட்டு." 192 அவர் வாயில் வரவே இல்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகனிடம் கேட்டேன், பரப்பளவு என்றால் என்ன? "நீளத்தை அகலத்தால பெருக்கிறது." சரி, விடையில் 'சதுர அடி' என்று எழுதுகிறாயே, அந்தச் சதுரம் எங்கே இருக்கிறது? "அப்படித்தான் எழுதணும் அப்பா, இல்லாட்டி புள்ளி வெட்டுவாங்க."

இன்னொன்றும் கேட்டுப் பார்த்தேன். 40 மீற்றர் கம்பி இருக்கிறது, அதை வளைத்து வேலி அடைத்தால் எந்த வடிவத்தில் அடைத்தாலும் உள்ளே ஒரே அளவு தோட்டம்தானா? ஓம் என்றான், யோசிக்கவே இல்லை.

இது என் பிள்ளைக்கு மட்டும் உள்ள பிரச்சினையா? மூன்றாம் தரத்தில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளும் இதே பள்ளத்தில் விழுவதற்கு முன் என்ன செய்யலாம்?


கணக்கு வாத்தி

பதினைந்து வருடமாக ரியூசன் எடுக்கிறேன், மனதில் பட்டதைச் சொல்கிறேன். 80 புள்ளி எடுக்கிற பிள்ளையைக் குழப்ப வேண்டாம். சூத்திரம் முதலில் கையில் வரட்டும், விளக்கம் வயது வந்தால் வரும். சாதாரண தரப் பரீட்சைத் தாளில் "சதுரம் எங்கே இருக்கிறது" என்று யாரும் கேட்கப் போவதில்லை.


தாழங்குடா மாணவி

வாசன் அண்ணா, உங்கள் மகன் மட்டுமில்லை. நான் கல்வியியற் கல்லூரியில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போன இடத்திலும் இதையேதான் பார்த்தேன்.

மேசன் சொன்னதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். எட்டு, அப்படி ஆறு வரி. அந்த 'வரி'யில்தான் முழு விசயமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அவுத்ரெட், மிச்சல்மோர் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளுக்குச் செவ்வகங்களைக் கொடுத்து, அதைச் சின்னச் சதுரங்களால் மூடினால் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னார்கள். சில பிள்ளைகள் சதுரங்களை அங்கங்கே சிதறி வைத்தார்கள். சிலர் ஒவ்வொன்றாக ஒட்டி ஒட்டி வரைந்தார்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நடுவில் இடைவெளி. சிலர் மட்டுமே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே கோடாக இழுத்து, குறுக்கே அதேபோல இழுத்து முடித்தார்கள். அப்படிக் கோடு இழுக்கிற பிள்ளைக்கு 'ஒரு வரி, அதே வரி திரும்பவும், திரும்பவும்' என்பது தெரிந்துவிட்டது. பெருக்கல் அதற்குப் பிறகு தானாக வரும். ஒவ்வொன்றாக ஒட்டுகிற பிள்ளைக்கு நீளம் × அகலம் என்று சொல்லிக் கொடுத்தால் மனப்பாடம் செய்யும், எதைப் பெருக்குகிறோம் என்று தெரியாது.

நமக்கு எவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும், கட்டம் போட்ட தாளில் பிள்ளைக்கு வரி தெரியும் என்று நினைக்கக் கூடாது. ஒரு பிள்ளை ஓரத்தைச் சுற்றி எண்ணிக்கொண்டு போய், பிறகு உள்ளே வந்து, எங்கே தொடங்கினோம் என்று மறந்து, சில பெட்டிகளை இரண்டு தரம் எண்ணியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

மகளுக்குச் சூத்திரம் இப்போது வேண்டவே வேண்டாம். வெறும் தாளில் 6 சென்ரிமீற்றருக்கு 4 சென்ரிமீற்றரில் ஒரு பெட்டி கீறி, 1 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றே ஒன்றை வெட்டிக் கையில் கொடுங்கள். ஒன்றுதான், இருபத்து நான்கு இல்லை. கை நிறையக் கொடுத்தால் அடுக்கிவிட்டு எழும்பிவிடும். ஒன்றைக் கொடுத்தால் அதை எப்படி நகர்த்துவது என்று யோசிக்க வேண்டி வரும்.


காத்தான்குடி உம்மா

தங்கச்சி சொன்னதை இன்றைக்கே என் மகளிடம் செய்து பார்த்தேன். சதுரத்தை வைத்து, சுற்றிக் கோடு போட்டு, எடுத்து அடுத்த இடத்தில் வைத்து, 22 வந்தது. எங்கள் வீட்டில் பாய் இருக்கிறதே என்று கட்டம் போட்ட பன்பாயை விரித்தேன். அதில் உடனே "ஒரு கரைக்கு ஒன்பது கட்டம் உம்மா, பிறகு கீழே கீழே" என்று எண்ணினாள். வாப்பாவின் மருதமுனைச் சாரத்தில் (லுங்கியில்) இருக்கும் கட்டங்களையும் எண்ணினாள். தாளில் ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தோடு சின்னவன் கதை. ஐந்து வயது. இளநீரை ஒல்லிக் கிளாசில் ஊற்றினால்தான் குடிப்பான். அகலக் கோப்பையில் ஊற்றினால் "காக்காவுக்கு (அண்ணனுக்கு) கூடுதல், எனக்குக் கொஞ்சம்" என்று அழுகை. அவன் கண் முன்னாலேயே கோப்பையில் இருந்து கிளாசுக்கு மாற்றினால் "இப்ப கூடிட்டு" என்று சிரிக்கிறான். இதற்கும் கனவளவுக்கும் சம்பந்தம் இருக்கிறதா, இல்லை வெறும் அடமா?


தாழங்குடா மாணவி

அடம் இல்லை ராத்தா. ஜெனீவாவில் இருந்த உளவியலாளர் பியாஜே இதைத்தான் ஆயுள் முழுவதும் தோண்டினார். அந்த வயதில் பிள்ளைக்கு உயரம்தான் கண்ணில் படும். உயரம் கூடும்போது அகலம் குறைந்தது என்பதைச் சேர்த்துப் பிடிக்க ஏழு வயதளவில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முடிகிறது. அதுவரை வாதாடிப் பயனில்லை, ஒல்லிக் கிளாசிலேயே ஊற்றிக் கொடுங்கள்.

பரப்பளவுக்கும் அவர் ஒரு சோதனை வைத்தார். இன்ஹெல்டர், ஷெமின்ஸ்கா என்ற இரண்டு பெண் ஆய்வாளர்களுடன் 1948இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. ஒரே அளவான இரண்டு பச்சை வயல். ஒவ்வொன்றிலும் ஒரு மாடு. இரண்டிலும் வீடுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார்கள். ஒரு வயலில் வீடுகள் நெருக்கமாக ஒரே வரிசையில், மற்றதில் சிதறலாக. இரண்டு மாட்டுக்கும் ஒரே அளவு புல்லா என்று கேட்பார்கள். ஒரு வீடு, இரண்டு வீடு என்றால் "ஓம், ஒரே அளவு" என்று சொல்கிற பிள்ளை, வீடுகள் கூடிக்கொண்டு போகும்போது ஒரு கட்டத்தில் தடுமாறி, சிதறிய வயலில் புல் குறைவு என்று சொல்லிவிடும்.

பாய் கேள்விக்கு: பாயில் வரியை நெய்தவர் போட்டுவிட்டார். வெறும் தாளில் பிள்ளைதான் போட வேண்டும். மகள் பாதி தூரம் வந்துவிட்டாள்.


வெல்லாவெளி ரீச்சர்

அந்த மாட்டுக் கேள்வியை எங்கள் படுவான்கரைப் பிள்ளைகளிடம் நானும் கேட்டிருக்கிறேன், நாலாம் தரத்தில். ஒரு பையன் எழும்பிச் சொன்னான்: "சிதறி வீடு கட்டின பக்கம்தான் புல் குறையும் ரீச்சர். ஒவ்வொரு வீட்டுக்கும் போறதுக்கு வழி விழும், நாய் கட்டியிருக்கும், மாடு கிட்டப் போகாது." அவன் தகப்பனுக்குப் பட்டி மாடு இருக்கிறது. புத்தகப்படி பார்த்தால் பையன் பிழை. வயல் வட்டையில் நின்று பார்த்தால் அவன் சொன்னதுதான் நடக்கும். அதனால் இப்போது வீட்டுக்குப் பதிலாக அட்டைத் துண்டுதான் வைக்கிறேன், மாட்டைக் கொண்டு வருவதில்லை.

வாசன், உங்கள் மகனின் கம்பிக் கேள்விக்கு நான் கயிறு பாவிப்பேன். இரண்டு முனையையும் முடிந்த ஒரே கயிறு. நாலு பிள்ளைகள் மூலையில் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உள்ளே போய் நிற்க வேண்டும். சதுரமாகப் பிடித்தால் வகுப்பே உள்ளே நிற்கும். ஒடுக்கிக்கொண்டு வந்தால் ஒவ்வொருவராக வெளியே வர வேண்டும், கடைசியில் இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். கயிறு அதே கயிறு. சுற்றளவும் பரப்பளவும் வேறு வேறு என்பதை அதற்குப் பிறகு நான் வாயால் சொன்னதில்லை.


ஏறாவூர் மேசன்

யாரோ மேசன் கதை எழுதியிருக்கிறார் என்று மருமகன் காட்டினான். நான் அந்த மேசன் இல்லை, ஆனால் அதே தொழில்.

டைல்ஸ் கணக்கு வாசன் வீட்டில் நேராக விழுந்தது, 2 அடிக்கு 16உம் 12உம் சரியாகப் பிரிபடும். 15க்கு 11 என்றால் பெருக்கி நாலால் பிரிக்க 41¼ வரும். கடையில் கால் டைல்ஸ் விற்க மாட்டான். முழுசாக 35 போகும், ஒரு ஓரத்தில் அரை, மற்ற ஓரத்தில் அரை, மூலையில் கால். வெட்டின அரையை எறியாமல் பாவித்தால் 42, எறிந்தால் 48. உடைகிறதும் இருக்கிறது. எப்பவும் பத்துக்கு ஒன்று கூட வாங்குங்கள்.

என்னுடன் வேலை பழக வருகிற பொடியன்மார் பத்தாம் தரம் தாண்டினவர்கள்தான். மணல் கணக்கில்தான் விழுவார்கள். 20 அடிக்கு 15 அடி நிலம், 4 அங்குலத் தடிப்பில் கொங்கிறீற். என்ன கனவளவு என்றால் 20 × 15 × 4 = 1200 என்று சொல்வான். 12 கியூப் வரும் என்று நிற்பான். அடியும் அங்குலமும் கலந்ததே தெரியாது. 4 அங்குலம் என்பது மூன்றில் ஒரு பங்கு அடி, ஆகவே 100 கன அடி, நம் கணக்கில் ஒரு கியூப். நான் என்ன செய்வேன் என்றால், விடையைப் பிழை என்று சொல்ல மாட்டேன். "அப்ப 12 கியூப் மணலை இந்த நிலத்தில் கொட்டிப் பரவினா எவ்வளவு உயரம் வரும்?" என்று கேட்பேன். நாலு அடி. இடுப்புக்கு மேலே. அப்போது தலையைச் சொறிவான்.

இந்த 'கியூப்' என்ற சொல்லும் பொல்லாதது. ஒரு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு கியூப் மணலைச் சதுரப் பெட்டியில் போட வேண்டுமென்றால் பெட்டி ஒவ்வொரு பக்கமும் 4 அடி 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.


யாழ் மருமகள்

கல்யாணம் முடித்து மட்டக்களப்புக்கு வந்த புதிதில் காணி விலை பேசும்போது 'எத்தனை பரப்பு' என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் பரப்பு என்பதே காணியின் அலகு. 16 பரப்பு ஒரு ஏக்கர், அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். பரப்பளவு என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது எனக்கு அது கணக்குச் சொல்லாகவே தெரியவில்லை, அம்மம்மாவின் காணிதான் நினைவுக்கு வந்தது.

இங்கே பேர்ச் பேர்ச் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஒரு பேர்ச் என்ன வடிவம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். பதினாறரை அடிக்குப் பதினாறரை அடிச் சதுரம், 272¼ சதுர அடி. என் மகளுக்கு முற்றத்தில் நாலு தடி நட்டுக் காட்டினேன். "இவ்வளவு பெரிசா? இதில ஒரு அறையே கட்டலாமே" என்றாள். அப்புறம் போகிற இடமெல்லாம் இது எத்தனை பேர்ச் என்று மதிப்பிடுவதுதான் வேலை. பஸ்சில் போகும்போது வீரமாகாளி கோயில் முற்றத்தைக்கூட விடவில்லை.


கணக்கு வாத்தி

சரி, கதை எல்லாம் நல்லது. நான் வில்லன் இல்லை. ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் ஒரு பிள்ளையுடன் வீட்டு முற்றத்தில் நிற்கிறீர்கள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளை, ஒரு பாடம் நாற்பது நிமிடம். பாடத்திட்டம் முடிக்க வேண்டும். கயிறு பிடித்து விளையாடினால் உருளையும் கூம்பும் எப்போது செய்வது?

அத்துடன், அலகு மாற்றத்தில் ஒரு விதி சொல்லிக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் பிழைவிட மாட்டார்கள். 1 சதுர மீற்றர் = 10,000 சதுர சென்ரிமீற்றர், 1 கன மீற்றர் = 10 இலட்சம் கன சென்ரிமீற்றர். பாடமாக்கினால் முடிந்தது.


வெல்லாவெளி ரீச்சர்

சேர், பாடமாக்கின என் பிள்ளைகள் மூன்று மாதம் கழித்து 1 சதுர மீற்றர் = 100 சதுர சென்ரிமீற்றர் என்று எழுதினார்கள். உங்கள் பிள்ளைகள் எழுதுவதில்லையா?

பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் வெட்டி நிலத்தில் விரித்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் சென்ரிமீற்றர் சதுரங்களை வரையச் சொன்னேன். நூறு வரைந்ததும் நிறுத்தினேன். நூறும் சேர்ந்து ஒரு ஓரத்தில் ஒரு நூல்போலக் கிடந்தது. மிச்ச நிலம் முழுக்க வெள்ளை. "இப்படி எத்தனை வரி?" அவ்வளவுதான் கேட்டேன். ஒரு பாடம் செலவு, உண்மைதான். ஆனால் அடுத்த தவணையில் அதைத் திருப்பிச் சொல்லிக் கொடுக்கிற பாடம் மிச்சம்.

கன மீற்றருக்கு ஒரு மீற்றர் நீளச் சிலாகை பன்னிரண்டு கட்டிச் சட்டம் செய்தோம். எட்டுப் பிள்ளைகள் உள்ளே குந்திக்கொண்டு வெளியே வர மறுத்தார்கள். அது ஆயிரம் லீற்றர், உங்கள் வீட்டுக் கூரைமேல் இருக்கும் கறுப்புத் தாங்கி பிடிக்கிற தண்ணீர் என்று சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.


தாழங்குடா மாணவி

கனவளவு பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பற்றிஸ்டா, கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1996இல் எழுதியது. சின்னக் கட்டைகளை அடுக்கிய ஒரு கனவுருவின் படத்தைக் காட்டி எத்தனை கட்டை என்று கேட்டால், பல பிள்ளைகள் வெளியே தெரிகிற முகங்களைத்தான் எண்ணுகிறார்கள். 3 × 4 × 5 அடுக்கு என்று வையுங்கள், 60 கட்டை. மூன்று பக்கம் மட்டும் எண்ணினால் 12, 20, 15, கூட்டினால் 47. மறைந்த பக்கங்களையும் சேர்த்தால் 94. மூலையில் இருக்கும் ஒரே கட்டையை மூன்று தரம் எண்ணிவிட்டு, நடுவில் ஒளிந்திருப்பதை எண்ணாமலே விடுகிறார்கள். இரண்டு பிழையும் ஒரே விடைக்குள் இருக்கிறது!

நான் சவர்க்காரப் பெட்டி பாவிக்கிறேன். கடையில் ஒரு பெட்டி திறந்து, மேல் தட்டை மட்டும் எண்ணச் சொல்லி, பிறகு இப்படி எத்தனை தட்டு என்று கேட்கிறேன். பரப்பளவில் 'வரி' எப்படியோ, இங்கே 'தட்டு' அப்படி. தட்டு விளங்கின பிள்ளைக்கு அடிப்பரப்பு × உயரம் என்பது சூத்திரமே இல்லை, அடுக்கின ஞாபகம். கணக்கு வாத்தி சேர், உருளைக்கும் அதேதான், தட்டு வட்டமாக இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே உங்களுக்கு நேரம் மிஞ்சும்.


நீர்ப்பாசனப் பெரியவர்

அம்பாறைப் பக்கம் குளங்களோடு முப்பது வருடம் கிடந்தவன். வயதாகிவிட்டது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகள்.

எங்கள் தொழிலில் தண்ணீரை ஏக்கர் அடியில் சொல்வோம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர், 43,560 கன அடி. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் நிரம்பினால் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி. எனக்குப் பிடித்த அலகு இது. நிலம் எவ்வளவு, அதன் மேல் எவ்வளவு உயரம் என்று அதன் பேரிலேயே இருக்கிறது. தங்கச்சி சொன்ன தட்டுத்தான், தண்ணீரால் ஆன தட்டு.

பெரியவர்களும் விழுகிற ஒரு இடம் சொல்கிறேன். குளம் நிரம்பினால் 30 அடி, இப்போது 15 அடி நிற்கிறது, அப்ப பாதித் தண்ணீர் இருக்கிறது என்று வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானைகூடச் சொல்வார். குளம் தாங்கி மாதிரி நேராக இறங்குவதில்லை, புனல் மாதிரிச் சரிந்து இறங்கும். சரியான கூம்பு வடிவம் என்றால் பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். குளம் கூம்பு இல்லைதான், ஆனால் பாதிக்கு எவ்வளவோ குறைவு. மேல் ஓரடி பத்து நாள் பாய்ந்தால் கீழ் ஓரடி ஒரு நாளுக்கும் காணாது. இதை விளங்காமல் சிறுபோகத்துக்கு விதைத்துவிட்டு அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் ஒரு புனலின் வாலை அடைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நிரப்ப இன்னும் எத்தனை தரம் அதே அளவு வேண்டும் என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். ஒன்று என்பார்கள். ஏழு தரம் ஊற்ற வேண்டி வரும்.


காத்தான்குடி உம்மா

பெரியவர் சொன்னதைக் குசினியில் செய்து பார்த்தேன். ஆறு தரத்தோடு வழிந்தது, புனலின் வாய்ப்பக்கம் நேராக இருப்பதாலோ தெரியாது. பந்தயத்தில் வாப்பா தோற்றார், அவர் இரண்டு என்றார்.


கணக்கு வாத்தி

ஆறு தரம் ஏன் வந்தது என்பதும் சரியான கேள்விதான். பாதி உயரம் என்று எங்கிருந்து அளந்தீர்கள், வால் தொடங்கும் இடத்திலிருந்தா, கூம்பின் முனை இருக்க வேண்டிய இடத்திலிருந்தா? புனலுக்கு முனை இல்லை, வெட்டுப்பட்டிருக்கிறது. அதுவும் கணக்கில் வரும்.

(ஓம், நானும் புனல் எடுத்துத்தான் பார்த்தேன்.)

ஒன்று மட்டும் கூட்டிச் சொல்கிறேன். கல்லைத் தண்ணீரில் போட்டால் மட்டம் எவ்வளவு ஏறும் என்ற கேள்வியில் என் பத்தாம் தரப் பிள்ளைகளே பாரமான கல் கூட ஏற்றும் என்கிறார்கள். ஒரே அளவான இரண்டு மருந்துப் போத்தல், ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர், இரண்டும் இறுக மூடியது. முழுக்க மூழ்கினால் இரண்டும் ஒரே அளவுதான் ஏற்றும். இதை நான் எப்போதும் வாயால்தான் சொல்லி வந்தேன். போத்தல் தேட வேண்டும்.


கல்லடி வாசன்

இரண்டு வாரமாக எழுதவில்லை, வீடு முழுக்கத் தூசி.

மகளுக்கு ஒரு சதுரம் கொடுத்தோம். முதல் நாள் 19, அடுத்த நாள் 26, மூன்றாம் நாள் அடிமட்டத்தை எடுத்து நீளமாகக் கோடு இழுத்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, மனைவிக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கப் பெரும் பாடு.

மகனுக்கு 40 சென்ரிமீற்றர் நூல். 10க்கு 10 வைத்து 100 என்றான். 15க்கு 5 வைத்து 75. 19க்கு 1 வைத்து 19. அங்கே நிற்பான் என்று பார்த்தேன், நிற்கவில்லை. 19½க்கு அரை என்று எழுதி ஒன்பதே முக்கால் என்றான். பிறகு நூலை இரண்டாக மடித்து நேராக இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தான்: "அப்பா, இருபதுக்குச் சைபர். வேலி முழுசா இருக்கு, தோட்டம் இல்லை." அன்று இரவு சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை, நூலை வட்டமாக வைத்துக் கட்டத் தாளில் உள்ளே இருக்கும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். 127 என்றான், ஓரத்துப் பெட்டிகளைப் பாதி பாதியாகச் சேர்த்து.


ஏறாவூர் மேசன்

தம்பி, டைல்ஸ் கூட வாங்கினீங்களா?


கல்லடி வாசன்

48தான் வாங்கினோம் அண்ணன். மூன்று உடைந்தது. திரும்பப் போனால் அந்த நிறம் முடிந்துவிட்டது. அலுமாரிக்கு அடியில் மூன்று வேறு நிறத்தில் இருக்கிறது.